செயலி தயாரிக்கிறவர்களே, இந்தியைத் தமிழ் வழியாகச் சொல்லித் தாருங்கள்

மொழி கற்றுத் தரும் செயலிகளைத் தயாரிக்கிறவர்களுக்கு,

வணக்கம். ஓசூர் சிப்காட்டை ஒட்டி மூக்கண்டப்பள்ளியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது பாலக்கோடு, கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. வந்தபோது தமிழ் மட்டும்தான் தெரியும். பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், காய்கறி வண்டிக்காரர் மூன்றையும் கலந்து பேசுவார், அப்படியே எந்தச் செயலியும் இல்லாமல் இரண்டும் ஒட்டிக்கொண்டன. இந்தி மட்டும் ஒட்டவில்லை. அதைப் பேசுகிற பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து கடை வாசலில் ஐந்து நிமிடம் நிற்பார்கள், வாங்குவார்கள், போய்விடுவார்கள். ஐந்து நிமிடத்தில் என்ன மொழி ஒட்டும்?

ஒருநாள் ராத்திரி ஒரு பையன் வந்து "சூடா ஹை?" என்றான். சூடாக வேண்டுமென்றால் டீக்கடைக்குப் போ தம்பி என்று நான் பக்கத்துக் கடையைக் கை காட்டினேன். அவனும் போனான். போன வேகத்தில் திரும்பி வந்து, அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்த அவல் டப்பாவை விரலால் காட்டினான். பீகாரில் அவலுக்குப் பெயர் சூடாவாம். அந்த வாரம்தான் என் மகள் போனில் உங்கள் செயலி ஒன்றை இறக்கிக் கொடுத்தாள். நாலு மாதம் விடாமல் படித்தேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

என் குறை ஒன்றே ஒன்றுதான். நீங்கள் எனக்கு இந்தியை ஆங்கிலம் வழியாகச் சொல்லித் தருகிறீர்கள். இந்தி வாக்கியம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறீர்கள், நான் 'தி' போடாமல் விட்டால் சிவப்புக் காட்டி ஒரு உயிரைப் பிடுங்கிக்கொள்கிறீர்கள். இந்தியிலும் 'தி' இல்லை, தமிழிலும் 'தி' இல்லை, நடுவில் வந்த ஆங்கிலத்துக்காக நான் எதற்கு உயிரை விட வேண்டும்?

அதைவிட வருத்தம், தமிழுக்கும் இந்திக்கும் ஒத்துப்போகிற இடமெல்லாம் அந்த ஆங்கிலத்தில் மறைந்துபோகிறது. 'முஜே பூக் லகீ ஹை' என்பதை 'ஐ ஆம் ஹங்ரி' என்று படித்தால் குழப்பம்தான் மிச்சம். 'எனக்குப் பசி எடுத்திருக்கிறது' என்று ஒரே ஒரு தடவை தமிழில் சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தை ஒரு நிமிடத்தில் முடித்திருப்பேன். 'காகர் ஆயியே' என்றால் அச்சு அசலாக நம்ம 'சாப்பிட்டுட்டு வாங்க'தான், வினை கடைசியில் வருவது உட்பட. நாம் டீ கீ என்கிறோம், அவர்கள் சாய் வாய் என்கிறார்கள், இது எனக்குத் தெரியவந்தது கடையில் வைத்து, உங்கள் பாடத்தில் இல்லை.

தமிழில் இல்லாத இடங்களில்தான் எனக்கு விளக்கம் வேண்டும், அங்கே நீங்கள் வாயே திறப்பதில்லை. 'நான் கொடுக்கிறேன்' என்று ஆணும் சொல்லலாம் பெண்ணும் சொல்லலாம், தமிழில் வித்தியாசம் கிடையாது. பையன்கள் பேசுவதைக் கேட்டு நானும் 'தேதா ஹூன்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருத்தன் சிரித்துவிட்டு, "அக்கா, தேதி, தேதி" என்றான். நான் காலண்டரைப் பார்த்தேன். பெண் பேசினால் 'தேதி ஹூன்' என்று அப்புறம் புரிந்தது. செயலியில் போட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் பச்சை காட்டுகிறது. சரிதான், ஆனால் ஏன் என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

அப்புறம் 'ஹம்'. உங்கள் பாடத்தில் அதற்கு 'வீ' என்று போட்டிருக்கிறது. அது நாமா நாங்களா என்பது எங்கள் கவலை, இந்தியில் அந்தப் பிரிவினையே இல்லை என்பதையும் நானாகத்தான் கண்டுபிடித்தேன். ஆனால் ஒற்றை ஆளாக வந்து நிற்கிற பீகார்ப் பையன் 'ஹம் லேங்கே', அதாவது 'நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்' என்றதும் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் 'நான்' என்பதற்கே ஹம் என்றுதான் சொல்வார்களாம். இங்கே கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் உருது பேசுகிறவர்களோடு பழகியவர்களுக்கு நக்கோ (வேண்டாம்), ஹவ் (ஆமாம்) எல்லாம் தெரியும், அதை நம்பி இவர்களிடம் நக்கோ என்றால் முழிக்கிறார்கள். ஒரே இந்தி என்று ஒன்று உங்கள் செயலிக்குள் மட்டும்தான் இருக்கிறது போல.

எண்ணுக்கு வருகிறேன், கடைக்காரிக்கு அதுதானே சோறு. ஒன்று முதல் இருபது வரை அழகாகச் சொல்லித் தந்தீர்கள். 49 உன்சாஸ், 59 உன்சட், 69 உன்ஹத்தர் என்று போகிறது, அதாவது அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு, சரி என்று மனப்பாடம் செய்தால் 89 நவாசி, 99 நின்யானவே என்று காலை வாருகிறது. பாக்கெட் விலையெல்லாம் 49, 99 என்றே போட்டிருப்பதால் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டித்தான் பிழைக்கிறேன். அது போகட்டும். ஒன்றரைக்கு டேட், இரண்டரைக்கு டாயி, மூன்றரையிலிருந்து சாடே, கால் குறைந்தால் பௌனே, கால் கூடினால் சவா, கால் கிலோவுக்குப் பாவ். நாலு மாதத்தில் இதில் ஒன்றுகூட உங்கள் பாடத்தில் வரவில்லை. 'டேட் கிலோ ஆட்டா' என்று கேட்டவனுக்குக் கோதுமை மாவு பாக்கெட்டைத் திருப்பிக் காலாவதித் தேதியைக் காட்டியவள் நான். டேட் கேட்கிறான் என்றுதானே நினைப்பேன்?

கடன் நோட்டு விஷயமும் உண்டு. நேற்றும் 'கல்', நாளையும் 'கல்'. 'கல் தூங்கா' என்றால் நாளை தருகிறேன், 'கல் தியா' என்றால் நேற்று தந்தேன், கடைசிச் சொல்லை வாய்க்குள் முழுங்கிவிட்டால் பாக்கி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அதுவும் 'கல் தூங்கா' என்று தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள்.

தமிழ் வழி முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். புனேயில் உள்ள சி-டாக் என்ற அரசுக் கணினி ஆராய்ச்சி நிறுவனம் மத்திய அரசு ஊழியர்களுக்காக 'லீலா' என்ற இந்தி மென்பொருளைச் செய்து, பிரபோத், பிரவீண், பிராக்யா என்று மூன்று படியாகத் தமிழ் உட்படப் பல மொழிகள் வழியாகவே படிக்க வைத்திருக்கிறது. அது ஆபீஸ்காரர்களுக்கானது, அதில் அவலுக்கும் கடன் நோட்டுக்கும் என்ன வேலை, ஆனால் வழி இருக்கிறது என்பதற்கு அது போதும்.

இதைப் படித்துவிட்டு, தமிழ்நாட்டுப் பெண்ணே இந்தி கேட்கிறாள் பார் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மறியல் செய்தவர் என் மாமனார், இன்று கடை கல்லாவில் உட்கார்ந்து 'பச்சீஸ் ருப்யா' என்று சில்லறை எண்ணுவதும் அவர்தான். திணித்தால் வேண்டாம், எனக்குத் தேவையென்றால் நானே படித்துக்கொள்வேன், இதில் அவருக்கும் குழப்பமில்லை, எனக்கும் இல்லை.

அந்தப் பையன்களுக்கும் ஒரு பாடம் செய்யுங்கள், இந்தியிலிருந்து தமிழுக்கு. 'அக்கா, எவ்ளோ', 'பேலன்ஸ் குடு' இரண்டையும் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஓட்டுகிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனால் என்னைத்தான் போனில் கூப்பிடுகிறார்கள், என் இந்தியோ மேலே சொன்ன லட்சணம்.

நிஜமாகப் பேசுகிற குரல்கள் பதிவு செய்ய வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கடைக்கு வாருங்கள், நானே ஆள் பிடித்துத் தருகிறேன். சம்பளம் போட்ட முதல் ஞாயிறு மட்டும் வேண்டாம், கூட்டத்தில் உங்களுக்கு நிற்க இடம் கிடைக்காது.

இப்படிக்கு,
மூக்கண்டப்பள்ளி மளிகைக்கடை அக்கா