கலைந்து போகத்தான் வந்தோம், வழியை அடைத்தது யார்?

பேரணி நாள்களில் கோலாலம்பூர் சாலைகளுக்குப் பொறுப்பேற்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

அண்மையில் நடந்த பேரணி அசம்பாவிதம் ஏதுமின்றி முடிந்தது என்று உங்கள் தரப்பில் சொல்லப்பட்டதைப் பத்திரிகையில் படித்தேன். உண்மைதான். கண்ணீர்ப் புகை இல்லை, இரசாயன நீர் இல்லை, யாருடைய மண்டையும் உடையவில்லை. 2007-ஐயும் 2012-ஐயும் பார்த்தவர்களுக்கு இது பெரிய முன்னேற்றம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் அன்று பிற்பகல் நான்கு மணிக்குமேல் என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியும், அங்கே நின்ற எங்களுக்கும் தெரியும். பத்திரிகைக்கு மட்டும் தெரியவில்லை.

எதற்காக நடந்தோம் என்பதை விளக்கி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். தொகுதிகளை நியாயமாகப் பிரியுங்கள், கட்சிகளுக்கு வரும் பணத்துக்குக் கணக்குக் காட்டச் சட்டம் கொண்டுவாருங்கள் என்பதெல்லாம் நீங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்த முழக்கங்கள்தான். அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: கலைந்து போகச் சொன்னால், போக வழி விடுங்கள்.

அன்று ஒலிபெருக்கியில் உத்தரவு வந்தபோது கூட்டம் முரண்டு பிடிக்கவில்லை. பேச்சுகள் முடிந்துவிட்டன, வெயிலில் எல்லோரும் வாடிப் போயிருந்தார்கள், வீட்டுக்குப் போகத்தான் பார்த்தார்கள். என்னோடு என் அக்காவும் வந்திருந்தார். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வயது 64, நீரிழிவு, இரண்டு முட்டிகளிலும் வலி. ரயில் நிலையம் கண்ணெதிரே இருந்ததால்தான் அவரைக் கூட்டி வரவே துணிந்தேன். நிலையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. யாரோ ஒரு கீழ்நிலை ஊழியர் தலையில் அது விடியும்.

படிக்கட்டருகே போனால் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. உள்ளே விளக்குகள் எரிந்தன. மின்படிக்கட்டு ஆளில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. கம்பிக்குப் பின்னால் நின்ற காவலாளிப் பையன், மேலிடத்து உத்தரவு, அடுத்த நிலையம் திறந்திருக்கிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அடுத்த நிலையத்துக்குப் போகும் சாலையின் குறுக்கே கேடயங்களோடு ஒரு வரிசை நின்றது. அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இந்தப் பக்கம் முடியாது, வந்த வழியே திரும்பிப் போங்கள் என்றார். வந்த வழியில் இன்னொரு வரிசை. அவரும் மரியாதையாகவே, அந்தப் பக்கம் போங்கள் என்று நாங்கள் விட்டுவந்த திசையைக் காட்டினார். ஒலிபெருக்கி மட்டும் நிற்கவில்லை: உடனே கலைந்து செல்லுங்கள், இல்லையேல் நடவடிக்கை.

அக்கா அந்த இரண்டாவது அதிகாரியிடம் நல்ல மலாயில் கேட்டார்: "போகச் சொன்னதே நீங்கள்தானே மகனே, எந்தப் பக்கம் போக?" அவர் பதில் சொல்லாமல் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்குமேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பேரணிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிற ஆண்கள் யாரும் இதை எழுதி நான் பார்த்ததில்லை. அக்காவுக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. நீரிழிவுக்காரருக்கு அது அடக்கிக்கொள்ளக்கூடிய அவசரமல்ல. கடைகளை முன்கூட்டியே அடைத்துவிடச் சொல்லியிருந்ததால் அந்தத் தெரு முழுக்க இரும்புக் கதவுகள். நிலையத்தின் கழிப்பறை அந்தப் பூட்டுக்குப் பின்னால். நடமாடும் கழிப்பறை ஒன்றுகூட இல்லை. கடைகளின் முன்தாழ்வாரமான அஞ்சடியில் ஓர் ஓரமாகப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பல்கலைக்கழக மாணவிகள், பாட்டிகள், அலுவலகத்து அம்மாக்கள் என்று எல்லாருடைய முகத்திலும் ஒரே தவிப்பு. கடைசியில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர் பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். எண்ணெய் டின்களுக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் நடுவே பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர் யாரிடமும் காசு வாங்கவில்லை. கடையை ஏன் திறந்தாய் என்று மறுநாள் யாராவது வந்து கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் பெயரையும் நான் எழுத முடியவில்லை. மக்களாட்சியில் கழிப்பறைக் கதவைத் திறந்தவரின் பெயரை மறைக்க வேண்டியிருக்கிறது.

வெளியே வந்த அக்காவுக்குக் கை நடுங்கியது. சாப்பாட்டு நேரம் தவறிவிட்டது, சர்க்கரை இறங்கியிருந்தது. முன்பின் தெரியாத ஒரு மலாய் இளைஞன் தன் பதாகையைத் தரையில் விரித்து அவரை உட்காரச் சொன்னான். அவனுடைய தோழி பையிலிருந்து ஒரு பொட்டலம் மைலோவை எடுத்துக் கொடுத்தாள். வரிசைகள் விலகி, சாலை திறந்து, நாங்கள் ரயிலேறும்போது நன்றாக இருட்டிவிட்டது. நீங்கள் சொன்னபடி, அசம்பாவிதம் ஏதுமில்லை.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2012-ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டத்தின்படி ஏற்பாட்டாளர்கள் ஐந்து நாள்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். முன்பு அது பத்து நாள். 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஊர்வலமாக நடப்பதற்கு இருந்த தடையும் அப்போதுதான் போனது. அந்த அறிவிப்பில் இடம், நேரம், நோக்கம், யார் பேசுவார்கள், எத்தனை பேர் வருவார்கள் என்பது வரை எழுதித் தருகிறோம். நீங்கள் நிபந்தனைகள் விதித்துப் பதில் அனுப்புகிறீர்கள். அந்தப் பதில் கடிதங்களில் எந்தச் சாலை வழியாகத் திரும்பலாம், எந்த நிலையம் திறந்திருக்கும் என்று ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை. கூட்டம் ஒழுங்காக நடக்க வேண்டியதைச் செய்யும் அதிகாரத்தை 8-ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. கலைக்கும் அதிகாரத்தை 21-ஆம் பிரிவு தருகிறது. 21-ஐ எடுப்பதற்கு முன் 8-ஐயும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

அதே சட்டம் 15 வயதுக்குட்பட்ட பிள்ளையை இத்தகைய பேரணிக்கு அழைத்து வருவதைக் குற்றமாக்குகிறது. பிள்ளைகளின் பாதுகாப்பில் அவ்வளவு அக்கறை. நல்லது. 64 வயது ஆசிரியையை இரண்டு கேடய வரிசைகளுக்கு நடுவே இருட்டும்வரை நிறுத்திவைப்பது எந்தப் பிரிவில் வருகிறது என்று தேடினேன், அகப்படவில்லை.

பழையதைக் கிளறுகிறான் என்று நினைக்க வேண்டாம். வழியை அடைத்துவிட்டுக் கூட்டத்தைக் கலைப்பது இந்த ஊரில் பழைய பழக்கம் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. 2007 நவம்பர் 25 விடியற்காலையில் பத்துமலைக் கோயில் வளாகத்துக்குள் நின்ற நம் மக்கள்மீது, கதவு பூட்டிக்கிடக்க, கண்ணீர்ப் புகையும் இரசாயன நீரும் பாய்ந்தன. பிரிட்டிஷ் தூதரகத்தில் ஒரு மனுவைக் கொடுக்கப் புறப்பட்டவர்கள் அவர்கள். எலி வளைக்குப் புகை போடுகிறவன்கூட மறுபக்கத்துப் பொந்தைத் திறந்து வைப்பான். 2011 ஜூலை 9-ஆம் நாள், தேர்தல் சீர்திருத்தம் கேட்கும் பெர்சே இயக்கத்தின் பேரணியில் துங் ஷின் மருத்துவமனைப் பக்கமாக ஒதுங்கியவர்களைப் புகை அங்கேயும் துரத்தியது. அப்படி நடக்கவே இல்லை என்று மேலே இருந்தவர்கள் சொல்ல, கண்ணால் கண்ட மருத்துவர்களே மறுத்து அறிக்கை விட வேண்டியதாயிற்று. 2012 ஏப்ரல் 28-இல் சுதந்திரச் சதுக்கமான டத்தாரான் மெர்டேக்காவைச் சுற்றி முள்கம்பி. அதன் பிறகு மஸ்ஜித் ஜாமெக் பக்கம் எந்தத் திசையில் ஓடுவது என்று தெரியாமல் சிதறிய கூட்டத்தை நானும் பார்த்தேன். அன்றைய பலப்பிரயோகம் அளவு மீறியது என்று மனித உரிமை ஆணையமான சுஹாகாம் விசாரித்துச் சொன்னது. அந்த அறிக்கை எந்த அலமாரியில் இருக்கிறதோ.

மாறாக, 2015 ஆகஸ்டில் பெர்சே நான்காம் பேரணி. பேரணி சட்டவிரோதம் என்றீர்கள், அதன் பெயர் பொறித்த மஞ்சள் சட்டையையே அமைச்சு தடை செய்தது. அவ்வளவுக்கும் பிறகு, இரண்டு நாள் மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், படுத்தார்கள், பாடினார்கள். நீங்கள் கண்ணீர்ப் புகைக் குண்டைத் தொடவில்லை. 30-ஆம் தேதி நள்ளிரவில் குப்பையைப் பொறுக்கிப் பைகளில் கட்டிவைத்துவிட்டு அந்தக் கூட்டம் தானாகக் கலைந்தது. யாரும் யாரையும் துரத்தவில்லை, விடிந்ததும் அதே நகரத்தில் சுதந்திர நாள் அணிவகுப்பும் நடந்தது. ஆகவே உங்களால் முடியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

தைப்பூசத்துக்கு இதே பத்துமலைக்கு எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு முழுக்க ரயில் ஓடுகிறது. எந்தச் சாலை மூடியிருக்கும், எந்தச் சாலை திறந்திருக்கும் என்று பல நாள் முன்பே படம் போட்டு வெளியிடுகிறீர்கள். முதலுதவிக் கூடாரம், தண்ணீர், நடமாடும் கழிப்பறை, காணாமல் போன பிள்ளைகளுக்குத் தனி முகாம், எல்லாம் இருக்கின்றன. காவடியும் பால்குடமும் ஏந்திய அத்தனை பெரிய கூட்டத்தை அத்தனை பொறுமையாக வீட்டுக்கு அனுப்பிவைக்கிற அதே ஆள்கள்தாம், கையில் ஒரு பதாகையைக் கண்டதும் ரயில் நிலையத்தைப் பூட்டுகிறார்கள். அரோகரா சொல்லிக்கொண்டே தொகுதிச் சீரமைப்புக் கேட்டால் ரயில் கிடைக்குமோ என்று அக்கா கேட்கிறார். கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

கோபத்தில் சற்று மீறிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேண்டுகோளுக்கு வருகிறேன்.

2025 ஜூலை 1-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம், முன்னறிவிப்புக் கொடுக்காததைக் குற்றமாக்கி 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதித்த, அமைதிப் பேரணிச் சட்டத்தின் 9(5)-ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இனி அறிவிப்புக் கொடுக்காவிட்டால் அதற்காகத் தண்டனை இல்லை. ஆனாலும் பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் கொடுப்பார்கள், கொடுக்கவும் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அறிவிப்பு என்பது நாங்கள் உங்களிடம் ஒப்புவிக்கும் பாடமாக மட்டும் இருந்தால் அதில் யாருக்கு என்ன பயன்? நாங்கள் வரும் வழியைச் சொல்கிறோம், நீங்கள் திரும்பும் வழியைச் சொல்லுங்கள்.

எழுத்தில் சொல்லுங்கள். கடைசி ஆள் போகும்வரை மூடாத இரண்டு சாலைகள், பூட்டாத ஒரு ரயில் நிலையம், அவற்றின் பெயர்கள். பாதுகாப்புக் காரணத்தால் ஒன்றை மூடியே ஆக வேண்டுமென்றால், மாற்று வழி எது என்று கேடய வரிசையில் நிற்கும் கடைசி ஆளுக்கும் தெரிந்திருக்கட்டும். கலையச் சொல்லும் அறிவிப்பு மலாயோடு தமிழிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் வரட்டும், எந்தப் பக்கமாகக் கலைய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். அறிவிப்புக்கும் நடவடிக்கைக்கும் இடையே, ஊன்றுகோலோடு நடப்பவர் நிலையத்தை எட்டும் அளவுக்கு நேரம் கொடுங்கள். திறந்திருக்கும் வழியில் நாலைந்து நடமாடும் கழிப்பறைகளை நிறுத்துங்கள். மாநகராட்சியிடம் கேட்டால் கிடைக்காத பொருளல்ல. கடைக்காரர்களை அடைக்கச் சொல்லாதீர்கள். அவர்கள் எங்களைப் பார்த்துப் பயந்து நான் கண்டதில்லை, அன்று அவர்களுக்கு வியாபாரமும் நன்றாகவே நடக்கும்.

பேரணிக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வேறு விதமாகப் பாடமாகியிருக்கிறது. அடையாள அட்டை சட்டைப் பையில், வழக்கறிஞரின் எண் முன்கையில் பேனாவால், கண் கழுவத் தண்ணீர், கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், தனியாகப் போகாதே, ஓட்டம் பிடிக்காதே. அவ்வளவும் அவர்கள் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். ரயில் நிலையத்தின் சாவி மட்டும் அவர்களிடம் இல்லை.

அரசியலமைப்பின் 10-ஆம் விதி ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. கூடிய பிறகு வீட்டுக்குத் திரும்பும் உரிமையைத் தனியாக எழுத வேண்டும் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. அதனால்தான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: கலைந்து போகச் சொல்லும்போது, தயவுசெய்து போக வழி விடுங்கள்.

அடுத்த பேரணிக்கான அறிவிப்பு விரைவில் உங்கள் மேசைக்கு வரும். பதில் எழுதும்போது அந்த இரண்டு சாலைகளையும் ஒரு நிலையத்தையும் மறக்காமல் குறிப்பிடுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன். மலாயில் எழுதினாலே போதும், அக்காவுக்கு நானே படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் முட்டிக்குப் புது உறை வாங்கிவிட்டார்.

இப்படிக்கு,
கிள்ளான் வாக்காளர் ஒருவர்