நாலு சொல்லில் மூன்று தப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில், கைகளை விரித்து நிற்கும் மண் உருவத்தின் படத்துக்குக் கீழே 'இன்கா குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மை' என்று போட்டிருக்கிறீர்கள். நாலு சொல்லில் மூன்று தப்பு. 'பொம்மை'யைப் போனால் போகிறதென்று விட்டுவிடலாம்.

அதன் பெயர் குச்சிமில்கோ. தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் சான்காய் பள்ளத்தாக்குக் கல்லறைகளில் கிடைப்பது. தாங்கள் அறியாத ஊரா? சீனர்கள் கட்டிய துறைமுகத்தை 2024 நவம்பரில் திறந்தார்களே, அதே சான்காய்தான். இன்கா பேரரசின் படை அந்தக் கரைக்கு வந்தது 1470 வாக்கில். அதற்கு வெகுகாலம் முன்பே அங்கிருந்தவர்கள் இவற்றைச் செய்து இறந்தவரோடு புதைத்து வந்தார்கள்.

என் மருமகனுக்குப் பெருவின் தலைநகர் லிமாவில் வேலை. அங்கே போயிருந்தபோது லார்கோ அருங்காட்சியகத்தில் அரை நாள் இருந்தேன். கிடங்குக்குள்ளேயே நம்மை விடுகிறார்கள், அலமாரி அலமாரியாகப் பார்க்கலாம். வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்புத் தீட்டல், தட்டையான பெரிய தலை, கண்ணோரம் இழுத்துவிட்ட மை, பக்கவாட்டில் விரிந்த குட்டிக் கைகள். நிறையப் பெண் உருவங்கள். ஆணும் பெண்ணுமாக ஜோடி வைத்ததும் உண்டு. காவலுக்கா, வரவேற்கவா, வேண்டுதலா என்று படித்தவர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. எப்படி வருவார்கள்? கல்லறைக் கொள்ளையர்கள் (வாக்கேரோ என்கிறார்கள்) தோண்டி விற்றுவிட்டதால், எது யார் தலைமாட்டில் இருந்தது என்பதே பல உருவங்கள் விஷயத்தில் தெரியாமல் போய்விட்டது. உங்கள் உதவியாசிரியருக்கு மட்டும் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது போலும்.

இது முதல் தடவையா என்ன? இன்காக்களின் மலை நகரம் மச்சு பிச்சுவுக்கு 5000 வயது என்றீர்கள். 15-ஆம் நூற்றாண்டு ஐயா, என்று எழுதினேன். பெரு பாலைவனத் தரையில் கீறியிருக்கும் நாஸ்கா கோடுகள் வேற்றுக்கிரகவாசிகளின் விமான ஓடுதளம் என்றீர்கள். அதற்கும் எழுதினேன். பதில் இல்லை. சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

அடுத்த இதழில், ராசிபலனுக்குக் கீழே என்றாலும் சரி, 'சான்காய் கல்லறை உருவம்' என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். அப்புறம், படத்தை முழுசாகப் போடுங்கள். காலை வெட்டியிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
22 ஆண்டுச் சந்தாதாரர்,
கும்பகோணம்