பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும்: நண்பருக்கு ஒரு கடிதம்

திருச்சி

அன்புள்ள பாஸ்கரன்,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு பரணில் கிடந்த டிரம் செட்டை இறக்கி, துருவைத் துடைத்து, கிழிந்த தோல்களை மாற்றி, மாடியறையில் மறுபடியும் பூட்டி வைத்திருக்கிறாய் என்று படித்தபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. அதைவிடப் பெரிய செய்தி, உன் இளைய மகள் பேஸ் கிட்டார் கற்கத் தொடங்குகிறாள் என்பது. எந்தக் கிட்டார் வாங்குவது, யார் யாரைக் கேட்டுப் பழகுவது என்று என்னிடம் கேட்கச் சொன்னாளாம். அந்த நம்பிக்கைக்குத் தகுந்த பதிலாக எழுத வேண்டும் என்பதற்காகவே சில நாள் எடுத்துக்கொண்டேன். இங்கே வீட்டில் அனைவரும் நலம். நான் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசிக்கிறேன். விரல்களில் பழைய வேகம் இல்லை என்றாலும், தாளத்தில் நிதானமாக உட்காரும் பழக்கம் முன்பைவிடக் கூடியிருக்கிறது.

கிட்டாரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கேட்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பேஸில் ஒரு சுரம் எங்கே தொடங்குகிறது என்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள். அது எங்கே முடிகிறது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மின் ஒலி விழுந்த உடனே அடங்கிவிடும். அதே கணத்தில் எழும் பேஸ் சுரம் எவ்வளவு நேரம் நீள்கிறது, குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம் விழுவதற்கு முன்பே நின்றுவிடுகிறதா அல்லது அதைக் கடந்தும் ஒலிக்கிறதா என்பதைப் பொறுத்தே ஒரு பாட்டு துள்ளுவதும் தவழ்வதும் அமைகின்றன. சுரத்தை எழுப்புவது வலக்கை என்றால், அதை நிறுத்துவது பெரும்பாலும் இடக்கை. விரலை முழுவதும் எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் தந்தி அடங்கிவிடுகிறது. இந்த ஒன்றை உன் மகள் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் காலப்போக்கில் வந்து சேரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவள் முதலில் கேட்க வேண்டியவர் ஜேம்ஸ் ஜேமர்சன். தென் கரோலினாவில் 1936-இல் பிறந்து, 1954-இல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்து, நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் ஜாஸ் பயின்ற மனிதர் அவர். மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம் மேற்கு கிராண்ட் பூல்வார்டில் ஒரு சாதாரண வீட்டின் பின்பகுதியில் இருந்தது. அந்தச் சிறிய அறையில் குழுமி வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவினர் 1960-களில் உலகம் முழுவதும் ஆடிய பாடல்களுக்கு அடித்தளம் போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இரவில் கிளப்புகளில் ஜாஸ் வாசித்துவிட்டு வருபவர்கள். ஜேமர்சன் எலெக்ட்ரிக் பேஸுக்கு மாறிய பிறகும் டபுள் பேஸின் பழக்கங்களை விடவில்லை. வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே பயன்படுத்தினார். அந்த விரலைச் சக இசைக்கலைஞர்கள் கொக்கி என்றே அழைத்தார்கள். ஒரே விரலால் வாசித்ததால் ஒவ்வொரு சுரமும் ஒரே திடத்துடன் விழுந்தது. அழுத்தாமல் விட்ட தந்திகளை ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குக் கடக்கும் வழிச்சுரங்களாகப் பயன்படுத்தியதால் அவருடைய வரிகளில் ஒரு தடையற்ற ஓட்டம் இருந்தது. வேறொருவர் வாசித்தால் நெரிசலாகத் தோன்றக்கூடிய அத்தனை சுரங்களும் அவர் கையில் பாடகரின் குரலுக்கு இடம் விட்டுக்கொடுத்தே நடந்தன.

அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று கேட்டால், நான் டிரம்ஸ் வாசித்த பென்னி பெஞ்சமினைத்தான் காட்டுவேன். பெஞ்சமின் காலப்பிரமாணத்தை அத்தனை உறுதியாகப் பிடித்துக்கொண்டதால்தான் ஜேமர்சனால் தாளத்துக்கு முன்னும் பின்னும் அவ்வளவு துணிவாகப் போய்வர முடிந்தது. 1969-இல் பெஞ்சமின் மறைந்த பின்பும் யூரியல் ஜோன்ஸும் 'பிஸ்டல்' ஆலனும் அங்கே சிறப்பாகவே வாசித்தார்கள். ஆனால் பெஞ்சமினுக்கும் ஜேமர்சனுக்கும் இடையே இருந்த பிணைப்பு வேறு வகை. இத்தனை பாடல்களிலும் வாசித்தவர்களின் பெயர்கள் இசைத்தட்டு உறைகளில் நெடுங்காலம் இடம்பெறவில்லை என்பது இன்று நினைத்தாலும் மனத்தை உறுத்துகிறது. மார்வின் கே 1971-இல் வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பின் உறையில்தான் அந்தக் குழுவினருக்கு முறையான பெயர்க்குறிப்பு கிடைத்தது. மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தது. ஜேமர்சனும் பின்தொடர்ந்து போனார், ஆனால் அங்கே பழைய இடம் அவருக்கு அமையவில்லை. 1983-இல், 47 வயதில், இறந்தார். அவருடைய 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ் அதற்குச் சற்று முன்புதான் திருடு போயிருந்தது.

டெட்ராய்ட்டுக்கு அடுத்தபடியாக மெம்ஃபிஸ். அங்கே ஸ்டாக்ஸ் நிறுவனம் ஒரு பழைய திரையரங்கைக் கூடமாக மாற்றிப் பதிவு செய்தது. சாய்வான தரையையும் அப்படியே விட்டிருந்தார்கள். டொனால்ட் 'டக்' டன் பேஸ், ஆல் ஜாக்சன் டிரம்ஸ். ஜேமர்சனிடம் பத்துச் சுரம் இருக்கும் இடத்தில் டன்னிடம் நான்குதான் இருக்கும், ஆனால் அந்த நான்கில் ஒன்றைக்கூட எடுத்துவிட முடியாது. 1965-இல் வில்சன் பிக்கெட்டின் பாடல் ஒன்றைப் பதிவு செய்தபோது, தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் அந்நாளைய நடனம் ஒன்றைக் கூடத்திலேயே ஆடிக் காட்டி, இரண்டாம் நான்காம் தட்டுகளுக்கு அழுத்தம் வேண்டும் என்று கேட்டாராம். அன்று முதல் ஜாக்சனின் ஸ்னேர் ஒரு மயிரிழை பின்தங்கி விழத் தொடங்கியது; அவசரமே இல்லாத அந்தத் தாமதம்தான் மெம்ஃபிஸ் இசையின் அடையாளமாகவே ஆனது. டிரம்ஸ்காரனான உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் மகளோடு உட்கார்ந்து அவற்றைக் கேட்கும்போது, ஸ்னேர் தாமதமாக விழும் இடத்தில் பேஸ் சுரம் அதற்காகக் காத்திருந்து முடிவதைச் சுட்டிக்காட்டு.

ஜமைக்காவின் பாரெட் சகோதரர்களையும் அவள் கேட்கட்டும். ஆஸ்டன் பேஸும் கார்ல்டன் டிரம்ஸும் வாசித்த ரெக்கே இசையில் முதல் தட்டு வெறுமையாக விடப்படும். மூன்றாம் தட்டில்தான் கிக் விழும். முதல் தட்டில் எதுவுமே இல்லாமல் ஒரு பாட்டு எப்படி நிற்கிறது என்பதை உணர்ந்துகொண்டால், மௌனமும் வாசிப்பில் ஒரு பகுதி என்பது அவளுக்குத் தானாகவே விளங்கும்.

பேஸ் கலைஞர் லாரி கிரஹாமின் கதை உனக்குப் பிடிக்கும். அவர் தம் தாயாருடன் சேர்ந்து கிளப்புகளில் வாசித்துவந்த காலத்தில், டிரம்ஸ் வாசிப்பவர் இல்லாமலேயே நிகழ்ச்சி நடத்தும் நிலை வந்தது. கிக் இல்லாத குறைக்குக் கட்டைவிரலால் தந்தியைத் தட்டினார். ஸ்னேர் இல்லாத குறைக்கு மெல்லிய தந்தியை இழுத்து விட்டார். இன்று இளைஞர்கள் மேடையில் வித்தையாகக் காட்டும் ஸ்லாப் முறை, உண்மையில் வராத ஒரு டிரம்ஸ்காரரின் இடத்தை நிரப்பப் பிறந்தது. அதேபோல் கேரல் கேயைப் பற்றியும் உன் மகளிடம் அவசியம் சொல். லாஸ் ஏஞ்சலஸில் ஜாஸ் கிட்டார் வாசித்துவந்த அவர், 1963-இல் ஒரு பதிவுக்கு பேஸ் வாசிக்க வேண்டியவர் வராமல் போனதால் அந்தக் கருவியைக் கையில் எடுத்தார். பிறகு அந்நகரத்தின் கூடங்களில் மிகுதியாக அழைக்கப்பட்ட பேஸ் கலைஞர்களில் ஒருவரானார். விரலால் அல்ல, பிக் என்னும் சிறு தகட்டால் வாசித்தார். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகே அவற்றின்மேல் ஒரு துண்டு கம்பளித்துணியை வைத்து ஒட்டி, சுரத்தின் நீளத்தைக் கட்டுப்படுத்தினார். நான் மேலே சொன்ன சுர முடிவு என்னும் விஷயத்தை ஒரு துணித்துண்டால் தீர்த்துக்கொண்டவர் அவர்.

நம் ஊர் என்று வரும்போது, நீயும் நானும் மெல்லிசைக் குழுவில் வாசித்த காலத்தில் இளையராஜாவின் பேஸ் வரிகளுக்காகப் பட்ட பாடு நினைவுக்கு வருகிறது. வீட்டு டேப் ரெக்கார்டரில் பேஸ் சரியாகவே கேட்காது. பெரிய பெட்டி ஸ்பீக்கர் வைத்திருந்த டீக்கடையில் அந்தப் பாட்டு எப்போது வரும் என்று காத்து நின்றுதான் வரியைப் பிடித்தோம். பேஸ் வாசித்த சசிதரனும் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனும் நமக்கு முகம் தெரியாத ஆசிரியர்களாக இருந்தார்கள். ஜேமர்சனுக்கும் இவர்களுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அங்கே பெரும்பாலும் வாசிப்பவரே வரியைக் கண்டுபிடித்தார். இங்கே இசையமைப்பாளர் பேஸுக்கும் சுரக்குறிப்பை எழுதியே கொடுத்தார். பாடகரின் மெட்டுக்கு எதிரே இன்னொரு மெட்டாக பேஸ் நடப்பது அதனால்தான். எழுதிக் கொடுத்ததை அவ்வளவு உயிரோடு வாசித்ததற்கு சசிதரனின் கைதான் காரணம் என்று நான் இன்றும் சொல்வேன். ஒன்றை மட்டும் மகளிடம் எச்சரித்துவிடு: பேஸின் மிகத் தடித்த தந்தி எழுப்பும் அடிப்படை அதிர்வு வினாடிக்கு ஏறத்தாழ 41. கைப்பேசியின் சின்னஞ்சிறு ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது. மேல் அதிர்வுகளைக் கொண்டு காதே அதை ஊகித்துக்கொள்கிறது. நல்ல ஹெட்போனில் கேட்டால்தான் சுரத்தின் முடிவு தெரியும்.

இனிக் கிட்டார். லியோ ஃபெண்டர் 1951-இல் பிரெசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். 1960-இல் ஜாஸ் பேஸ் வந்தது. இன்று கடையில் தொங்கும் கிட்டார்களில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றின் வழிவந்தவையே. பிரெசிஷனில், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் ஒன்றே, அதுவும் இரண்டாகப் பிளந்தது. ஜாஸில் இரண்டு பிக்கப், கழுத்தும் தலைப்பக்கத்தில் குறுகலாக, ஒன்றரை அங்குலம் அகலத்தில் இருக்கும். தந்தியின் நீளம் இரண்டிலும் 34 அங்குலம். என் சொந்த விருப்பம் பிரெசிஷன்தான். திருகுவதற்குக் குமிழ்கள் குறைவாக இருப்பதால் கவனம் விரலிலேயே நிற்கும். ஆனால் உன் மகளின் கை சிறியது என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஜாஸ் வகையை வாங்கு, அதுவும் எட்டவில்லை என்றால் 30 அங்குல நீளமுள்ள குட்டை வகையைத் தயங்காமல் எடு. ஐந்து தந்திக் கிட்டார் இப்போது வேண்டாம். யமஹாவிலும் ஸ்குவையரிலும் தொடக்கநிலைக் கருவிகளே போதுமான தரத்தில் கிடைக்கின்றன.

வாங்கியவுடன் கழுத்தின் வளைவைச் சரிபார்க்க வேண்டும். தடித்த தந்தியை முதல் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாம் கட்டத்தின்மேல் தந்திக்கும் கட்டத்தின் குறுக்குக் கம்பிக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு உரசாமல் நுழைகிறதா என்று பார். அந்த இடைவெளி போதும். அதைவிட மிகுதியாக இருந்தால் கழுத்துக்குள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்னும் உலோகத் தண்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்பாமல் முடுக்கி, ஒரு நாள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் நகரும் என்பதால் ஆண்டுக்கு இருமுறையாவது இதைக் கவனிப்பது நல்லது. தந்திகளில், தட்டையான இழை சுற்றிய வகையை ஒருமுறையாவது போட்டுப் பார்க்கச் சொல். ஜேமர்சன் போட்டிருந்தது அதுதான். அறுந்தாலொழிய அவர் தந்தியை மாற்றியதில்லை என்பார்கள். ஒலி மங்கலாகத் தோன்றும். ஆனால் கிக் டிரம்மோடு அது கலக்கும் அழகே தனி. உருண்டை இழை சுற்றியது பளிச்சென்று நெடுநேரம் ஒலிக்கும், அதை அடக்கக் கை பழகியிருக்க வேண்டும்.

ஆம்ப் சிறியதே போதும், ஆனால் அதை அறையின் மூலையில் வைக்காதே. தாழ்ந்த ஒலிகள் மூலையில் பெருகி, எல்லாச் சுரமும் ஒன்றாக முழங்கும். சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு ஸ்டூலின்மேல் காது உயரத்துக்கு வைத்தால் அவள் வாசிப்பது அவளுக்கே தெளிவாகக் கேட்கும். அண்மையில் ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்தேன். ஒலி அமைப்பாளர் தாழ்ந்த ஒலியை மேடை அதிரும்படி ஏற்றி வைத்துவிட்டதால், சுரத்தை நான் எங்கே நிறுத்தினாலும் அது மண்டபத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அருமையாக வாசித்த இளம் டிரம்ஸ்காரரின் உழைப்பெல்லாம் அந்த முழக்கத்தில் கரைந்துபோனது எனக்கு மிகுந்த வருத்தம்.

பயிற்சிக்கு நீயே வீட்டில் இருப்பது அவளுடைய பாக்கியம். தொடக்கத்தில் பாட்டு எதுவும் வேண்டாம். நீ மெதுவான காலத்தில் கிக்கும் ஸ்னேரும் மட்டும் வாசி; அவள் ஒரே ஒரு சுரத்தைக் கிக்கோடு எழுப்பி, ஸ்னேர் விழும் கணத்தில் சரியாக நிறுத்தட்டும். பிறகு அதே சுரத்தை ஸ்னேரைத் தாண்டி நீட்டட்டும். பிறகு பாதியிலேயே வெட்டட்டும். மூன்றும் மூன்று வேறு பாட்டுகளாக ஒலிப்பதை அவளே கேட்பாள். அதைக் கேட்ட பிறகு காலம் தட்டும் கருவியான மெட்ரோனோமை இரண்டாம் நான்காம் தட்டுகளில் மட்டும் ஒலிக்கவிட்டுப் பழகலாம். வேகத்தைக் கூட்டச் சொல்லி நீ அவசரப்படுத்தாதே, பாஸ்கரா. மெதுவான காலத்தில் நிற்பதுதான் கடினம் என்பது உனக்கும் தெரியும்.

பொங்கல் விடுமுறைக்கு நீங்கள் இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய். கிட்டாரை அதற்குள் வாங்கிவிட்டால் கையோடு கொண்டு வாருங்கள்; கழுத்தையும் பிரிட்ஜையும் நானே சரிசெய்து தருகிறேன், என்னிடம் பிரிக்காமல் இருக்கும் தட்டை இழைத் தந்தி செட் ஒன்றையும் அவளுக்குப் போட்டுவிடுகிறேன். கிக் பெடல் மட்டும் நீ எடுத்து வா. தேவாலயத்தில் இருக்கும் பெடலின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்,
ஸ்டீபன்