விந்தைக்குக் காரணமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் அன்றாட விந்தைகள் குறித்து வெளியான கட்டுரை, இருட்டில் சர்க்கரையை உடைத்தால் ஒளி தெறிப்பதை ‘அறிவியலுக்கே எட்டாத மர்மம்’ என்கிறது. மாயாஜாலக் கதைகளை இந்த வயதிலும் விடாமல் படிப்பவன் நான். வியப்போடு எனக்குப் பகையில்லை. ஆனால், காரணம் தெரிந்த ஒன்றைப் புதிர் என்று பூட்டி வைப்பது வாசகரின் ஆர்வத்தை முடக்கிவிடும். இந்த ஒளியை ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் 1620-லேயே பதிவு செய்திருக்கிறார். படிகம் முறியும்போது பிளவின் இருபுறமும் எதிரெதிர் மின்னேற்றங்கள் பிரிகின்றன. அவை மீண்டும் பாயும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ஒளிர்கிறது. மின்னலின் குட்டித் தம்பி எனலாம். பெரும்பகுதி புற ஊதாக் கதிர் என்பதால் நம் கண்ணுக்குச் சிக்குவது மங்கிய நீலம் மட்டுமே.

கதவைச் சாத்தி, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து, பெரிய கற்கண்டு ஒன்றைக் குறட்டால் நொறுக்கி என் மகளுக்கு இதைக் காட்டினேன். ஒளியைப் பார்த்தபோது ‘இன்னொரு தடவை’ என்று மட்டுமே கேட்டாள். காரணத்தைச் சொன்ன பிறகோ, உப்பு, படிகாரம் என்று வீட்டிலுள்ள படிகங்களையெல்லாம் உடைக்கப் புறப்பட்டுவிட்டாள். எனவே, இத்தகைய துணுக்குகளின் கீழே, தெரிந்தது என்ன, இன்னும் தெளிவாகாதது என்ன என்று இரண்டு வரிகள் சேர்க்கலாம். வீட்டில் செய்து பார்க்கக்கூடியது என்றால், கண்ணில் துகள் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளும் எச்சரிக்கையோடு செய்முறையையும் வெளியிடலாம்.

– ஒரு வாசகர்