அறை நிரம்பியது பாதிக் கணக்குதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏதாவது ஒரு நகரத்தில் பெரிய விளையாட்டுப் போட்டியோ இசை நிகழ்ச்சியோ நடந்தால் போதும், ஹோட்டல்கள் நிரம்பி வழிகின்றன, நகரத்துக்குக் கோடிக்கணக்கில் வருமானம் என்று செய்தி வந்துவிடுகிறது. உங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்திலும் அப்படி ஒரு கட்டுரை படித்தேன். ஹோட்டல் முன்பதிவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். அறைகள் நிரம்பியது உண்மையாகவே இருக்கலாம். யார் வராமல் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுக் கணக்கு.

நிகழ்ச்சித் தேதியை அறிவித்ததுமே அமைப்பாளர்கள் அறைகளை மொத்தமாகப் பிடித்துவைத்துவிடுவார்கள். மிச்சமுள்ள அறைகளுக்கு வாடகை கிடுகிடுவென ஏறும். ஒரே ஒரு இரவு தங்கிப் போக வருகிறவருக்கு அறை கிடையாது. மூன்று நான்கு இரவுக்குச் சேர்த்துப் பணம் கட்டுகிறவருக்குத்தான். வருடா வருடம் விடுமுறைக்கு வரும் குடும்பம், மாதம் தவறாமல் வரும் விற்பனைப் பிரதிநிதி, ஆஸ்பத்திரியில் இருப்பவருக்குத் துணையாக வந்தவர் என்று எல்லோருக்கும் "இடமில்லைங்க" என்று போனில் சொல்வதுதான் அந்த நாட்களில் என் வேலை. நிகழ்ச்சிக்குச் சில வாரம் இருக்கும்போது, தங்களுக்குத் தேவைப்படாத அறைகளை அமைப்பாளர்கள் திருப்பித் தருவார்கள். நாங்கள் பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம். அதற்குள் அவர்கள் வேறு ஊரில் ஏற்பாடு செய்திருப்பார்கள். அதில் சிலர் அப்புறம் எங்களிடம் திரும்பி வரவே இல்லை.

இது எங்கள் ஹோட்டல் கதை மட்டுமல்ல. லண்டன் 2012இல் ஒலிம்பிக்கை நடத்தியது. அந்த ஆகஸ்டில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை, முந்தைய ஆண்டு ஆகஸ்டைவிடக் குறைவு. கூட்டத்துக்கும் வாடகைக்கும் பயந்து, வழக்கமாக வருகிறவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். வந்தவர்கள் மைதானத்துக்குப் போனார்கள். அருங்காட்சியகங்களுக்கும் நாடக அரங்குகளுக்கும் கூட்டம் குறைந்தது.

வந்த பணமும் ஊரிலேயே தங்குவதில்லை. உலகக் கோப்பைக் கால்பந்தில் ஒளிபரப்பு உரிமையும் விளம்பர வருமானமும் சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவுக்குப் போகின்றன. அதற்கு வரிவிலக்கும் தர வேண்டும் என்பது நடத்தும் நாட்டுக்கு விதிக்கப்படும் நிபந்தனை. மைதானம் கட்டும் செலவு மட்டும் உள்ளூர்க்காரர் தலையில். பிரேசிலின் மனாஸ் நகரத்தில் 2014 உலகக் கோப்பைக்காக 40,000 பேருக்கு மேல் உட்காரும் மைதானம் கட்டினார்கள். அந்தப் போட்டித் தொடரில் அங்கே நடந்தவை 4 ஆட்டங்கள். அவ்வளவு பேரைக் கூட்டும் பெரிய அணி எதுவும் அப்போது அந்த ஊரில் இல்லை. ஆண்கள் குழந்தை பெறுவது எப்படி நடக்காதோ அப்படித்தான் ஒலிம்பிக்கில் நஷ்டமும் என்று கனடாவின் மாண்ட்ரியல் நகர மேயர் ழான் த்ராப்போ உறுதி சொன்னார். 1976இல் நடந்த அந்தப் போட்டியின் கடன் அடைய 2006 ஆகிவிட்டது. புகையிலை மீது தனி வரி போட்டு அடைத்தார்கள்.

என்னை மிகவும் வருத்துவது ரியோவின் விலா ஆட்டோட்ரோமோ. 2016 ஒலிம்பிக் பூங்காவை ஒட்டியிருந்த எளியவர்களின் குடியிருப்பு அது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. சிலர் இழப்பீடு வாங்கிக்கொண்டு போனார்கள், சிலரை வற்புறுத்தி அனுப்பினார்கள். கடைசிவரை நகர மாட்டோம் என்று நின்ற 20 குடும்பங்களுக்கு மட்டும் அதே இடத்தில் சிறிய வெள்ளை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். சில வாரப் போட்டிக்காக ஒரு குடியிருப்பே கலைந்துபோனது. எந்தச் சுற்றுலா வருமானக் கணக்கில் இதை எழுதுவார்கள்?

நன்றாக நடத்திய ஊருக்கும் பின்னால் சிக்கல் வரத்தான் செய்கிறது. பார்சிலோனா 1992 ஒலிம்பிக்கைச் சாக்காக வைத்துத் தன் கடற்கரையையே மீட்டெடுத்தது, உலகமே பாராட்டியது. அப்புறம் பயணிகள் வரத்து நிற்கவே இல்லை. வீடுகள் சுற்றுலாத் தங்குமிடங்களாக மாறி, உள்ளூர்க்காரருக்கு வாடகை எட்டாமல் போனது. சுமார் 10,000 சுற்றுலா அடுக்ககங்களின் உரிமம் 2028 நவம்பரில் முடியும்போது புதுப்பிக்க மாட்டோம் என்று 2024இல் அந்த நகர நிர்வாகம் அறிவித்தது.

நிகழ்ச்சிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்குச் சம்பளம் தந்ததே பயணிகள்தான். ஜெர்மனியின் ஓபராமர்காவ் கிராமத்தில் 1634இலிருந்து, பெரும்பாலும் பத்து ஆண்டுக்கு ஒருமுறை, இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்துகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் சுமார் 5,000 பேர். 2022இல் பார்க்க வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். நடிக்க வேண்டுமென்றால் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொதுவாக 20 ஆண்டாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். எப்போது நடத்துவது, எப்படி நடத்துவது என்பதெல்லாம் கிராமத்தாரின் கையில் இருக்கிறது. நான்கு நாள் நிகழ்ச்சிக்கு ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் பிடித்து, இரட்டை ஷிப்ட் வேலை வாங்கி, ஐந்தாம் நாள் காலையில் அனுப்பிவிடுவதை நேரில் பார்த்தவளுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகவே தெரிகிறது.

நிகழ்ச்சியை நடத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதை மக்கள் முன் வைக்க வேண்டும். கேட்டால் மக்கள் தெளிவாகவே பதில் சொல்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள டென்வரில் நடக்க வேண்டிய 1976 குளிர்கால ஒலிம்பிக்குக்கு அரசுப் பணம் தர முடியாது என்று 1972இல் கொலராடோ மக்கள் வாக்களித்தார்கள். போட்டி ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்குக்குப் போனது. ஜெர்மனியின் ஹாம்பர்க் மக்களும் 2015இல் ஒலிம்பிக் வேண்டாம் என்றார்கள்.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி ஒரு நகரத்தில் ஹோட்டல்கள் நிரம்பின என்று எழுதும்போது, முந்தைய ஆண்டு அதே மாதத்தில் எத்தனை அறைகள் நிரம்பின என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஓராண்டு கழித்து அதே அதிகாரிகளிடம் போய், மைதானத்தின் பராமரிப்புச் செலவு எவ்வளவு, அதை யார் கட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹோட்டல் முன்பதிவு அலுவலர்