வீடு வாங்குங்கள், தூணை விற்காதீர்கள்

ஐயா,

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை வெளியூர்க்காரர்கள் வாங்கி விடுதியாக்குவதை நான் மனதார வரவேற்கிறேன். பங்காளிகள் அத்தனை பேரும் ஒத்துக்கொண்டால்தான் இங்கே ஓட்டு ஒழுகலைக்கூட அடைக்க முடியும். அதற்குள் சுவர் சரிந்துவிடுகிறது.

ஆனால் சிலர் வாங்குவதே பர்மா தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் கழற்றி விற்கத்தான். அப்புறம் மிஞ்சுவது காலி மனை. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014 முதல் இருக்கும் ஊர்களுக்கு இந்த நிலையா?

விடுதி நடத்துகிறவர்களிடமும் ஒரு கோரிக்கை. பழைய தரையைப் பெயர்த்துவிட்டு வழவழப்பான டைல்ஸ் போடாதீர்கள். கண்ணாடியின் மேல் சாயக் கலவையை ஊற்றிக் கையாலேயே செய்யும் ஆத்தங்குடிக் கல் பக்கத்திலேயே கிடைக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலைக்கும் நெசவாளர்கள் இங்கே இருக்கிறார்கள். முதலீட்டில் ஒரு பங்கு அவர்கள் கூலியாகப் போனால்தான் ஊர் பிழைக்கும். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1948-ல் காரைக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம் இன்றும் பலருக்குச் சோறு போடுகிறதே.

பழைய வீட்டை இடிக்கவோ மாற்றவோ அனுமதி கேட்டால், எது கழற்றப்படுகிறது, எங்கே போகிறது என்று மாநகராட்சியும் ஊராட்சிகளும் எழுதி வாங்க வேண்டும்.

— ஒரு வாசகர், காரைக்குடி