எங்கள் மருத்துவமனைக்கு ஓர் ஈஈஜி கருவி வேண்டும்

மதிப்பிற்குரிய இயக்குநர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

என் அம்மாவின் விவரம் உங்கள் மேசையில் இருக்கிறது. 2 முறை நேரில் வந்து கொடுத்தேன். இன்றும் அதே கோரிக்கைதான்: எங்கள் பட்டணத்து மருத்துவமனைக்கு ஓர் ஈஈஜி கருவி, அதாவது தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் கருவி.

தொடை எலும்பு அறுவை முடிந்து 9 மணி நேரமாகியும் அம்மா கண் திறக்கவில்லை. சர்க்கரை, உப்பு, மூச்சு, உடல் சூடு எல்லாம் பார்த்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். அதற்கு நன்றி. "வயசானவங்க, மெதுவாத்தான் எழும்புவாங்க" என்றார்கள். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கண்ணிமை துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. உதட்டோரம் லேசாக இழுத்தது. தாதியிடம் 3 முறை சொன்னேன். "கைகால் இழுக்கலையே" என்றார்.

20 வருடமாக வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர், ஐயா. வெறும் வயிறு என்று அன்று காலை அதையும் நிறுத்தியிருந்தார்கள். ஒரு மிடறு தண்ணீரில் கொடுத்திருக்கலாமே என்று பிறகு பெரிய மருத்துவமனையில் கேட்டார்கள்.

கைகால் இழுக்காமலும் வலிப்பு மூளைக்குள் ஓடிக்கொண்டிருக்குமாம். பார்வைக்கு மயக்கம் தெளியாதது போலவே இருக்கும். ஈஈஜி வைத்தால்தான் பிடிபடும். 2 மணி நேரம் ஆம்புலன்சில் போய், அங்கே தலையில் கம்பிகளை ஒட்டிய சற்று நேரத்தில் கண்டுபிடித்தார்கள். வலிப்புக்கு ஊசி போட்டார்கள். மறுநாள் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

உடைந்த எலும்பிலிருந்து கொழுப்புத் துளிகள் மூளைக்குப் போனாலும், மூளையின் நடுவே விழிப்பைக் காக்கும் தலாமசு என்ற பகுதியின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே இரத்த நாளம் உள்ள சிலருக்கு அது அடைத்தாலும் இப்படிக் கிடப்பார்களாம். முதல் ஸ்கேனில் தெரியாமலும் போகலாமாம். அரிதுதான். அரிதான நோய் தோட்டத்து ஆட்களுக்கு வராதா?

அம்மா 30 வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்ட ஆஸ்பத்திரியை மூடினார்கள், அங்கே மருந்து கொடுத்து வந்த டிரசரும் போனார், பட்டணத்துக்குப் போங்கள் என்றார்கள். வந்தோம். இங்கிருந்தும் இன்னொரு ஊருக்கு அனுப்பினால் எங்கள் ஆட்கள் எத்தனை மணி நேரம் மயக்கத்திலேயே கிடப்பது?

கோபம் தெரிந்தால் மன்னியுங்கள். ஒரு கருவி, அதை வைக்கத் தெரிந்த ஒருவர், பதிவை அனுப்பினால் பெரிய மருத்துவமனையில் பார்த்துச் சொல்ல ஓர் ஏற்பாடு. தயவுசெய்து செய்து கொடுங்கள்.

பக்கத்து வீட்டு அத்தைக்கு அடுத்த மாதம் உங்கள் மருத்துவமனையில்தான் பித்தப்பை அறுவை. அவரும் வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர். அதற்குள் ஒரு பதிலாவது எழுதுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்